முன்தண்டுக்காரர்

கல்மண்டபம் பக்கம் சிலிண்டர் போடுகிறவர்களுக்குச் சிலுவைமுத்துவின் வீடு என்றாலே ஆகாது. சிலிண்டரை இறக்கி வைத்ததும் மனுஷன் ரசீதைப் பார்க்க மாட்டார், மூடியில் இருக்கிற சீலையும் பார்க்க மாட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சிலிண்டரைத் தூக்கி வலது தோளில் வைத்துக் கண்ணை மூடி நிற்பார். பிறகு, "அரைக் கிலோ கம்மியா கீது. எட்த்துனு போய் வேற எட்த்துனு வா" என்பார். எப்போதோ ஒரு தடவை அவர் சொன்னது சரியாக இருந்து தொலைத்தது. அன்றிலிருந்து தன் தோளைத் தராசு என்றே நம்பிவிட்டார். சில வருடங்களாக அவர் மனைவி கிறிஸ்டினா அவரைத் தூக்க விடுவதில்லை. அதனால் அவர் சிலிண்டரைச் சாய்த்து ஆட்டிப் பார்த்துவிட்டு அதே தீர்ப்பைச் சொல்வார்.

பிறக்கும்போதே யாரும் சந்தேகத்தோடு பிறப்பதில்லை. சிலுவைமுத்துவுக்கு அது வேலையில் ஒட்டிக்கொண்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தனியார் எடைமேடையில் வாலிபத்தில் சேர்ந்தவர், தலை நரைத்தபிறகுதான் வெளியே வந்தார். கரியும் இரும்பும் உப்பும் ஏற்றிய லாரிகள் துறைமுகத்துக்குள் போகும் முன்னால் அங்கேதான் ஏறி இறங்கும். எடையைக் குறைத்துக் காட்ட ஓட்டுநர்களிடம் ஆயிரம் வித்தை உண்டு. அதில் எளிய வித்தை, கடைசிச் சக்கரத்தை மேடையில் ஏற்றாமல் ஓரத்திலேயே நிறுத்திவிடுவது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏறின மாதிரியே இருக்கும், பாரம் மட்டும் வெளியே தரையில் இருக்கும்.

அதற்குச் சிலுவைமுத்து கண்டுபிடித்த மருந்து சாக்பீஸ். கடைசிச் சக்கரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு துண்டு சாக்பீஸை முன்கூட்டியே போட்டுவிடுவார். லாரி வந்து நின்றதும் குனிந்து அடியில் பார்ப்பார். தூளாகியிருந்தால், "ஏறிச்சு, போ" என்று கையாட்டுவார். முழுசாகக் கிடந்தால் அன்றைக்கு அந்த ஓட்டுநரின் ஏழு தலைமுறையும் இழுக்கப்படும். "கண்ணு பொய் சொல்லும், சாக்பீஸ் சொல்லாது" என்பது அவருடைய வேதவாக்கு. இப்படிக் குனிந்து குனிந்து பார்த்ததில் மனிதருக்கு முதுகே வளைந்து போனது. நெட்டையாக இருந்தவர் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். அது அவருக்குத் தெரியாது. ஊரில் எல்லாருடைய முதுகையும் பார்த்தவர்தான், ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியுமா?

வேலையில் ஒட்டியது வீட்டுக்கும் வந்தது. கல்யாணமான புதிதில், "உங்கப்பன் ஏன் ஒரே நாள்ல சரின்னு சொன்னான், உனக்கு ஏதாச்சும் கோளாறு கீதா?" என்று கிறிஸ்டினாவிடம் கேட்ட மகராசன் அவர். மகள் மெர்லின் பிறந்து ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது, குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். மீன் விற்கிற பச்சையம்மாவிடம் ஒரே சங்கராவின் செவுளை இரண்டு தடவை தூக்கிப் பார்ப்பார். "மூணாவது தபா தூக்கினா அதுவே உன்ன கட்ச்சிடும் நைனா" என்று அவளும் சளைக்காமல் சொல்வாள். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் குரலை மாற்றிப் பேசுவார். சாமியார் அடையாளம் வைத்துக்கொள்வார் என்று பயம்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒருவரை முழுசாக நம்பினார். அவர் அந்தோணியார்.

மெர்லின் நடை பழகிய வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர்கள் கையை விரித்த அன்று சிலுவைமுத்து நேராகத் தங்கள் சந்து முனையில் இருக்கிற சின்ன அந்தோணியார் கோயிலுக்கு வந்து, பீடத்துப் படியில் தலையை முட்டிக்கொண்டு நேர்ந்துகொண்டார். குழந்தை பிழைத்தால், உயிர் இருக்கிறவரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் சப்பரத்தின் முன்தண்டைத் தன் தோளில் சுமப்பேன் என்று. குழந்தை பிழைத்தது. அந்த வருஷ ஜூன் திருவிழாவில் வலதுபக்க முன்தண்டில் நின்றவர்தான், இன்றுவரை இடம் விடவில்லை.

சப்பரம் லேசுப்பட்டதல்ல. தேக்குச் சட்டம், பித்தளைத் தகடு, சீரியல் விளக்கு, பேட்டரி, நடுவில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார். எட்டுப் பேர் தூக்குவார்கள். வலதுபக்கம் முன்னால் சிலுவைமுத்து, அவருக்குப் பின்னால் அதே தண்டில் கிறிஸ்டினாவின் தம்பி பிராங்கிளின். துறைமுகத்தில் கிரேன் கொக்கி மாட்டுகிற வேலை பார்ப்பவன், ஆள் பனைமரம் மாதிரி இருப்பான்.

இதில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. வயசு ஏற ஏறச் சிலுவைமுத்துவுக்குச் சப்பரம் கனம் குறைந்துகொண்டே வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து இதை வருஷா வருஷம் சொல்வார். "மத்தவனெல்லாம் மூச்சு வாங்குறான். எனக்குப் பூக்கூடை தூக்குற மாரி கீது. நேந்துக்கினவனுக்கு அந்தோணியார் பாரத்தைக் கொறைக்கிறாரு." கேட்கிறவர்கள் டீ கிளாஸைப் பார்ப்பார்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு கிலோவையும் சந்தேகப்பட்டவர், தன் தோளில் குறைந்த கனத்தை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

இந்த வருஷம் கொடியேறிய நாளிலிருந்தே அவருக்கு மூக்கில் வியர்த்தது.

சப்பரக்காரர்களுக்குத் தலைவன் அலெக்ஸாண்டர், விசைப்படகு ஓட்டுகிறவன். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில்தான் அந்தோணியார் திருவிழா வரும் என்பதால் படகுக்குப் பெயின்ட் அடித்த கையோடு கோயில் வேலையும் பார்ப்பான். அவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, இந்த தபா நீ குடை புடிக்கிறியா? முன்னாடி கெத்தா நடந்து போலாம்" என்றான்.

"ஏன், என் தோளுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா கேட்டேன்."

சும்மா என்று ஒருவன் சொன்னால் சிலுவைமுத்துவுக்கு அங்கேதான் விளக்கு எரியும். யாரோ முன்தண்டுக்கு அடி போடுகிறார்கள். யார்?

வீட்டுக்கு வந்தால் அடுக்களையில் கிறிஸ்டினாவும் பிராங்கிளினும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தலையைக் கண்டதும் பேச்சு நின்றது. கிறிஸ்டினா கையிலிருந்த ஏதோ துணியைச் சட்டென்று முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"இன்னாமே அது?"

"கரித்துணி."

"கரித்துணிய எதுக்கு ஒளிக்கிற?"

"உன்கிட்ட எத்தக் காட்டினாலும் கேஸு போடுவ, அதான்" என்றாள் அவள். பிராங்கிளின், "வரேன் மாமா" என்று நழுவினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சிலுவைமுத்துவுக்கு எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது. அக்காளும் தம்பியும் அலெக்ஸாண்டரும் கூட்டு. முன்தண்டு பிராங்கிளினுக்குப் போகப் போகிறது.

வேறு வருஷமாக இருந்தால் ஒருவேளை சத்தம் போட்டு அடங்கியிருப்பார். இந்த வருஷம் அப்படி விட முடியாது. வியாசர்பாடியில் வாழ்க்கைப்பட்ட மெர்லின் பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் இரண்டு தடவை கலைந்துபோய் மூன்றாவதாகத் தங்கியது. நேர்ச்சையை இப்போது கைவிட்டால் அந்தோணியார் கணக்கை எங்கே நேர் செய்வார் என்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மகளின் மேடிட்ட வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாக வலது தோளைத் தடவிப் பார்த்தது.

பிராங்கிளினைக் கவனிக்க ஆரம்பித்தார். சப்பரத்தை வெள்ளோட்டம் பார்த்த அன்று, ஓரக்கண்ணால் பின்னால் பார்த்துக்கொண்டே நடந்தார். பனைமரம் மாதிரி இருக்கிறவன் முழங்காலை மடக்கிக் கூனிக்கொண்டு நடந்தான். முதல் திருப்பத்துக்கு முன்னாலேயே புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினான், பல்லைக் கடித்தான். சிலுவைமுத்துவுக்குச் சிரிப்பாக வந்தது. எத்தனை லாரிக்காரனைப் பார்த்திருக்கிறார். பாரம் ஏற்றாதவன்தான் அதிகமாக முக்குவான். தோளைத் தாழ்த்திக்கொண்டு, தண்டு தொட்டும் தொடாமலும் நடித்துக்கொண்டு வருகிறான். கடைசிச் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கிறது. சாமியை ஏமாற்றுகிறவனுக்கு முன்தண்டு ஒரு கேடா?

திருவிழா அன்று காலையில் கிறிஸ்டினா பூ அலங்காரத்துக்குக் கோயிலுக்குப் போனாள். தோளில் தண்டு உறுத்தாமலிருக்க வைக்கிற துணித் திண்டுகளை அவள்தான் வருஷா வருஷம் தைத்துப் பையில் போட்டு வைப்பாள். அவள் தலை மறைந்ததும் சிலுவைமுத்து பையைக் கவிழ்த்தார். பிராங்கிளினுடைய திண்டின் ஓரத் தையலைப் பிரித்து, நடுவில் ஒரு சாக்பீஸை நுழைத்து, தன் கையாலேயே மறுபடி தைத்தார். பிறகு தன்னுடைய திண்டையும் எடுத்து, விரல் நுழையும் அளவுக்குத் தையலைப் பிரித்து அதிலும் ஒரு சாக்பீஸைச் செருகித் தைத்தார். எடைமேடை நியாயம் என்று ஒன்று உண்டு. ஒருவனைச் சோதித்தால் பக்கத்தில் இருக்கிறவனையும் சோதிக்க வேண்டும். ஊரார் முன்னால் பிரிக்கும்போது அவனுடையது முழுசாகவும் தன்னுடையது தூளாகவும் வந்தால்தான் வாய் அடைக்கும்.

தன் திண்டு மற்றவர்களுடையதைப் போல மூன்று மடங்கு தடிமனாக இருந்ததை அவர் பார்க்காமலில்லை. முன்தண்டுக்காரன் என்றால் அந்த மரியாதை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார். செவுளை இரண்டு தடவை தூக்கிப் பார்க்கிற மனுஷன், அதை ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

மாலையில் பூசை முடிந்து, வெயில் தணிந்ததும் சப்பரம் எழுந்தது. முன்னால் பேண்டு செட்டு, அதற்குப் பின்னால் மெழுகுவர்த்தியோடு பெண்கள், மைக்கில் மன்றாட்டு. "புனித அந்தோணியாரே" என்று மைக் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று தெரு சொன்னது. ஒவ்வொரு வாசலிலும் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மாநகரப் பேருந்து ஒன்று ஓரம் கட்டி நின்றது, உள்ளே இருந்தவர்கள் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சப்பரத்தின்மேல் நேர்ச்சையாக வீசிய உப்பும் மிளகும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. பச்சையம்மாவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பிடி உப்பை வீசினாள். அது பாதி சிலுவைமுத்துவின் தலையில் கொட்டியது.

மெர்லின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள். சிலுவைமுத்து நிமிர்ந்து, தண்டின் கீழ் கம்பீரமாக நடந்தார். வழக்கம்போல அதே பூக்கூடைக் கனம். 'பார்த்துக்கோப்பா' என்று அந்தோணியாரிடம் மனசுக்குள் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. பின்னால் பிராங்கிளின் புஸ்புஸ்ஸென்று ஊதிக்கொண்டு வந்தான்.

சுற்றி வந்து கோயில் முற்றத்தில் சப்பரத்தை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்குக் கவைக்கோல் உண்டு. தலையில் கவட்டை வைத்த நாலு தடிக் கம்புகள், தண்டுக்கு அடியில் ஊன்றினால் சப்பரம் அதன்மேல் நிற்கும், தோள்களுக்கு ஓய்வு. சாமியார் ஆசீர் கொடுத்த பிறகு கடைசியாக ஒரு தடவை தூக்கி உள்ளே கொண்டுபோக வேண்டும். அந்த இடைவெளியில் கிறிஸ்டினா ரோஸ்மில்க் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"அலெக்ஸு, எல்லாரும் இப்டி வாங்க" என்றார் சிலுவைமுத்து. "முன்தண்டு யாருக்குன்னு இன்னிக்கு முடிவு பண்ணிக்கலாம்."

பிராங்கிளினின் தோளிலிருந்து திண்டை உருவினார். பையிலிருந்து பிளேடை எடுத்துத் தையலைக் கிழித்தார். வெள்ளைத் தூள் கொட்டி அவர் காலில் விழுந்தது. துண்டு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, மாவாகிக் கிடந்தது.

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். எடைமேடைக் கதை தெரியாதவன் அந்தச் சந்தில் யார்? சிலுவைமுத்துவுக்கு முகம் சுண்டியது. சரி, இவன் சுமந்துதான் இருக்கிறான், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று வாயைத் திறக்கப் போனார்.

அதற்குள் பிராங்கிளின் அவர் கையைப் பிடித்தான். "சரி மாமா, பாத்துட்ட இல்ல. அத்தோட வுடு. உன்னுத பிரிக்காத."

அவன் சும்மா இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிரிக்காதே என்று ஒருவன் சொன்ன பிறகு பிரிக்காமலிருக்கச் சிலுவைமுத்துவால் ஆகுமா?

"ஏன் பிரிக்கக் கூடாது?"

"சொன்னா கேள்யா" என்று கிறிஸ்டினா ரோஸ்மில்க் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். "சாமியாரு வராரு, வுடுய்யா."

அவர் கையை உதறிக்கொண்டு தன் திண்டைக் கிழித்தார். முதலில் வந்தது புதுப் பஞ்சு. அதற்கடுத்து, போன வருஷம் கிழிந்துபோன தன்னுடைய கட்டம் போட்ட லுங்கி, அன்றைக்கு அவள் முந்தானைக்குள் சுருட்டியது. அப்புறம் பழைய மெத்தையின் ஸ்பாஞ்சு. அதற்கும் கீழே, மெர்லின் கல்யாணத்துக்குக் கிறிஸ்டினா கட்டியிருந்த புடவையின் ஓரம். எல்லாவற்றுக்கும் அடியில் சாயம்போன ஊதாப் புடவை, பெரிய வெள்ளம் வந்த வருஷம் நனைந்து வீணானது. அவர் முதுகு வளைய வளைய, ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு அடுக்கு. நடுவில் சாக்பீஸ் இருந்தது. முனைகூட உடையாமல், டப்பாவிலிருந்து எடுத்தது போலவே இருந்தது.

சிலுவைமுத்து தண்டுக்கு அடியில் போய்த் திண்டு இல்லாமல் நின்று பார்த்தார். அவர் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் அவருடைய உள்ளங்கை தாராளமாக நுழைந்தது. இத்தனை வருஷமாகத் தண்டு அவரைத் தொடவே இல்லை. அவள் வைத்துத் தைத்த துணியைத்தான் தொட்டுக்கொண்டு வந்தது. முன்னால் இருக்கிற பாரமும் சேர்ந்து, தண்டு தாழ முழங்காலை மடக்கிக்கொண்டு பின்னால் நின்றவனின் தோளில்தான் இறங்கியிருக்கிறது.

மெல்ல வந்து பிராங்கிளினின் சட்டைக் காலரை விலக்கினார். தோளெலும்பின்மேல் தோல் கன்றிக் கறுத்து, நடுவில் பிய்ந்து, அதில் யாரோ வீசிய உப்பு ஒட்டியிருந்தது. சிலுவைமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்த லாரிக்காரனையும் அவர் இவ்வளவு கேவலமாகப் பார்த்ததில்லை, இன்றைக்குத் தன்னைப் பார்த்தார். கடைசிச் சக்கரம் அவர்தான்.

"இவ்ளோ வருசமா மேடைக்கு வெளியவே நின்னுனு இருந்துருக்கேன்" என்றார். "நான் நேந்துக்கினது எம்பொண்ணுக்கு. நான் சுமக்கவே இல்லியேமே. அவளுக்கு எதுனா ஆயிருந்தா?"

"எதுனா ஆச்சா?" என்றாள் கிறிஸ்டினா. குரல் உடைந்திருந்தது, கோபமும் இருந்தது. "உனக்கு மட்டும்தான் பொண்ணா? எனக்குப் பொண்ணு இல்லியா? அவனுக்கு அக்கா பொண்ணு இல்லியா? எவன் தோளா இருந்தா இன்னாய்யா, ஒரே வூட்டுத் தோளு தான. சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா? இடத்தப் புடுங்கப் பாக்குறான்னு சொல்லுவ."

சப்பரத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தோணியார் உப்பும் மிளகும் அப்பிய முகத்தோடு நின்றார்.

"நீயும் இதுல கூட்டா?" என்றார் சிலுவைமுத்து.

கிறிஸ்டினா குனிந்து கிழிந்த துணிகளைப் பொறுக்கினாள்.

சாமியார் ஆசீர் கொடுத்தார். அலெக்ஸாண்டர் தயங்கிக்கொண்டே, "தூக்கலாமாண்ணே?" என்று கேட்டான். சிலுவைமுத்து பிராங்கிளினின் முதுகில் கை வைத்து முன்தண்டுக்குத் தள்ளினார். "நீ முன்னால போ. நிமிந்து நட." பின்னால் அவன் விட்ட இடத்தில் அலெக்ஸாண்டர் நின்றான். வலதுபக்க முன் கவைக்கோலைச் சிலுவைமுத்து எடுத்துக்கொண்டார். சப்பரம் எழுந்தது. பிராங்கிளின் முழங்காலை நீட்டி முழு உயரத்துக்கு நடப்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

கோயில் வாசல் வளைவு தாழ்வு. அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, சப்பரத்தின் மேல்குடையை இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். "கோல்" என்று அலெக்ஸாண்டர் குரல் கொடுத்தான். சிலுவைமுத்து கவைக்கோலைத் தண்டுக்கு அடியில் ஊன்றினார். தன் திண்டிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்த முழுச் சாக்பீஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, யாருக்கும் காட்டாமல், கவட்டைப் பள்ளத்தில் வைத்தார்.

எட்டுத் தோள்களும் விலகின. தண்டு இறங்கிக் கவட்டையில் உட்கார்ந்தது. கோல் தரையில் அழுந்தி அதிர்ந்தது, அந்த அதிர்வு அவர் இரண்டு கையிலும் ஏறித் தோள்வரைக்கும் வந்தது. வளைந்த முதுகோடு கோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளத்திலிருந்து வெள்ளைத் தூள் வழிந்து அவர் விரல்களில் படிந்தது.

குடையை இறக்கியாயிற்று. பிராங்கிளின் திரும்பி, "மாமா, போலாமா?" என்றான்.

சிலுவைமுத்து விரலில் இருந்த தூளைப் பார்த்தார்.

"ஏறிச்சுடா" என்றார். "போ."